சேலத்திலிருந்து வான்வழித் தூரமும் பயண நேரமும்: கணக்கிடும் முறை, வரிசைப்படி

சேலம் ஐந்து ரோடு பகுதியில் பயணச்சீட்டுப் பதிவு செய்து தரும் அலுவலகம் ஒன்றில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு, இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடும் முறையைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்கள் கூட்டல் கழித்தலில் தவறுவது குறைவு. எந்தப் படியை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வைப்பது என்பதில்தான் பெரும்பாலும் இடறுகிறார்கள். பயணச்சீட்டில் உள்ள இரண்டு கடிகார நேரங்களை முதலில் கழித்து, அந்த விடைக்குப் பொருந்தும் தூரத்தைப் பிறகு தேடுகிறார்கள். தூரத்திலிருந்து தொடங்கி, கடிகாரத்தைக் கடைசிக்கு ஒதுக்கினால் ஒவ்வொரு படியும் முந்தைய படியைச் சரிபார்க்கும். ஆகவே கீழுள்ள படிகளை இடம் மாற்றாமல் செய்யுங்கள்.

1. எந்தத் தூரம், எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுதல்

தூரம் என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு அளவுகளைக் குறிக்கிறோம். பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் ஒன்று. விமானம் உண்மையில் பறந்து கடக்கும் பாதையின் நீளம் மற்றொன்று. வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடம் வரையிலான மொத்தத் தூரம் மூன்றாவது.

நேரமும் அப்படியே. சக்கரம் தரையை விட்டு எழுவது முதல் மீண்டும் தரையைத் தொடுவது வரை ஒரு நேரம்; நிற்கும் இடத்திலிருந்து நகர்வது முதல் மறு நிலையத்தில் வந்து நிற்பது வரை ஒரு நேரம்; வீடு முதல் வீடு வரை ஒரு நேரம். பயணச்சீட்டில் அச்சாவது நடுவில் உள்ளது.

நேர்கோட்டுத் தூரம் பயணத் தூரத்திலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பதற்கு ஏற்காட்டைக் காட்டுவேன். ஏற்காடு ஏரியிலிருந்து கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 16 கி.மீ.தான். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, சேலத்துக்கு வந்து, ஓமலூர்ச் சாலையில் திரும்பிப் போகிறவருக்கு அது ஏறத்தாழ மும்மடங்கு ஆகிவிடும்.

யாருக்கு எது வேண்டும் என்பதையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புவியியல் பாடத்துக்குக் கேட்கும் மாணவிக்கு நேர்கோட்டுத் தூரம் போதும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவருக்கு வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் கழிந்த மொத்த மணி நேரம் வேண்டும். அங்குள்ள கடிகாரம் என்ன காட்டுகிறது என்பதால் அவருக்குப் பயனில்லை. வரவேற்கப் போகிறவருக்கு அந்த ஊர்க் கடிகார நேரம் மட்டும் போதும். கேள்வி தெளியாமல் கணக்கைத் தொடங்கினால், சரியான விடையைத் தவறான ஆளுக்குச் சொல்லிவிடுவோம்.

2. முன்னதாக எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகள், அவற்றின் அட்சரேகை தீர்க்கரேகை, பறக்கவிருக்கும் விமானத்தின் வகை, பயணத் தேதி, அச்சிட்ட புறப்பாடு வருகை நேரங்கள் ஆகிய ஐந்தும் ஒரே தாளில் இருக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள அறிவியல் கணிப்பான் போதும். தேதியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: விமான அட்டவணைகள் மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் மாறுகின்றன. கோடைக்கால அட்டவணையை வைத்து நவம்பர்ப் பயணத்தைக் கணக்கிடக் கூடாது.

3. நிலையத்தை உறுதிசெய்தல்

சேலம் விமான நிலையத்தின் குறியீடு எஸ்எக்ஸ்வி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் சேலம் என்றொரு நகரம் உண்டு. அதன் விமான நிலையக் குறியீடு எஸ்எல்இ. இணையத்தில் ஊர்ப் பெயரை மட்டும் தட்டினால், பல கணிப்புப் பக்கங்கள் அந்தச் சேலத்தை முதலில் எடுத்துக்கொள்கின்றன. சென்னைக்குப் பன்னிரண்டாயிரம் கி.மீ.க்கு மேல் விடை வந்தால் நடந்தது இதுதான்.

அடுத்த தவறு, நிலையத்துக்குப் பதிலாக நகர மையத்தை எடுத்துக்கொள்வது. துபாய், லண்டன் போன்ற நகரங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருப்பதால், ஊர்ப் பெயரை எழுதுவதோடு நிறுத்தாமல் குறியீட்டையும் எழுதும் பழக்கம் வேண்டும்.

4. அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதும் முறை

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். ஒரு பாகையில் (டிகிரி) அறுபது கலைகள் (மினிட்) உள்ளன. சேலம் விமான நிலையம் வடக்கு 11 பாகை 47 கலை, கிழக்கு 78 பாகை 4 கலை. இதைக் கணிப்பானில் 11.47 என்று தட்டக் கூடாது. 47 கலையை 60-ஆல் வகுத்தால் 0.783, ஆகவே தசம முறையில் அது 11.783 பாகை. தீர்க்கரேகை 78.04 ஆகாது, 78.067.

இந்த ஒரு தவறு செய்யும் சேதத்தை வரைபடத்தில் பார்த்தால் மறக்காது. 11.47, 78.04 என்ற இடம் கமலாபுரத்துக்கு ஏறத்தாழ 35 கி.மீ. தெற்கே, சங்ககிரிக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே விழுகிறது. சென்னைக் கணக்கில் இது பெரிய பிழை. லண்டன் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத பிழை மேலும் ஆபத்தானது.

கூகுள் மேப்ஸ் தருவது தசமப் பாகை. பல அச்சு நூல்கள் தருவது பாகையும் கலையும். இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி இடுவதையும் மறக்கக் கூடாது. லண்டன் ஹீத்ரோ மேற்கு 0 பாகை 27 கலை என்பதால் குறியை விட்டாலும் பிழை சிறிதாகவே இருக்கும். அமெரிக்க நகரங்களுக்கு அதே கவனக்குறைவு, ஊரை உலகின் மறுபக்கத்துக்கே கொண்டுபோய்விடும்.

5. அருகிலுள்ள நிலையங்களுக்கான தூரம்

அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. இந்த ஒரு தொடர்பை வைத்துத் தென்னிந்தியாவுக்குள் எந்தத் தூரத்தையும் தாளிலேயே கணக்கிடலாம்.

சென்னை விமான நிலையம் வடக்கு 12 பாகை 59 கலை, கிழக்கு 80 பாகை 10 கலை. அட்சரேகை வேறுபாடு 1 பாகை 12 கலை, அதாவது 72 கடல் மைல். தீர்க்கரேகை வேறுபாடு 2 பாகை 6 கலை, அதாவது 126 கலை. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிச் செல்வதால் இந்த 126-ஐ அப்படியே கடல் மைலாகக் கொள்ள முடியாது. இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகையான 12 பாகை 23 கலையின் கொசைன் மதிப்பு 0.977, அதனால் பெருக்கினால் 123 கடல் மைல். பிறகு பிதாகரஸ் தேற்றம்: 72-இன் வர்க்கத்தையும் 123-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 142.5 கடல் மைல். அதாவது ஏறத்தாழ 264 கி.மீ.

கொசைனால் பெருக்கும் படியைத் தென்னாட்டில் விட்டுவிட்டாலும் பிழை சிறிதாகவே இருக்கும். அதனாலேயே பலர் அதை விட்டுவிடப் பழகி, பிறகு கொல்கத்தாவுக்கும் அதே வழியில் கணக்கிட்டுச் சிக்கிக்கொள்கிறார்கள். தொடக்கத்திலிருந்தே செய்து பழகுவது நல்லது.

இதே முறையில் பெங்களூரு ஏறத்தாழ 162 கி.மீ., ஹைதராபாத் ஏறத்தாழ 607 கி.மீ. என்று வரும். இவற்றை நீங்களே செய்து பாருங்கள். பெங்களூரு விமான நிலையம் வடக்கு 13 பாகை 12 கலை, கிழக்கு 77 பாகை 42 கலை. ஹைதராபாத் வடக்கு 17 பாகை 14 கலை, கிழக்கு 78 பாகை 26 கலை. இரண்டும் சேலத்துக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருப்பதால் அட்சரேகை வேறுபாடு மட்டுமே ஏறத்தாழ முழு விடையையும் தந்துவிடும்.

6. தொலைதூரத்துக்குப் பெருவட்டக் கணக்கு

மேலே சொன்ன முறை, பூமியின் ஒரு சிறு பகுதியைத் தட்டையாகக் கருதுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை அது தாங்குகிறது: இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தட்டைக் கணக்கும், உருண்டையான பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய கோட்டை அளக்கும் பெருவட்டக் கணக்கும் ஒருசேர ஏறத்தாழ 2,925 கி.மீ. என்கின்றன. லண்டனுக்கு அது தாங்காது. தட்டைக் கணக்கில் சென்னை ஹீத்ரோ தூரம் 8,700 கி.மீ. வருகிறது, உண்மையான பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 8,230 கி.மீ. கிட்டத்தட்ட 470 கி.மீ. பிழை, நேரத்தில் அரை மணிக்கும் மேல்.

பெருவட்டக் கணக்கு இதுதான். இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கி ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் பெருக்கி மறுபக்கம் எழுதுங்கள். இரண்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எந்தக் கோணத்தின் கொசைன் என்று கணிப்பானிடம் கேளுங்கள். கிடைக்கும் பாகையை 111.2-ஆல் பெருக்கினால் கி.மீ. வரும். லண்டனுக்குக் கூட்டுத்தொகை 0.2747, கோணம் 74.06 பாகை.

இரண்டு எச்சரிக்கைகள். எக்செல் தாளில் சைனும் கொசைனும் ரேடியன் என்ற வேறொரு கோண அளவைத்தான் ஏற்கும். பாகையை நேரடியாகக் கொடுத்தால் விடை வரும், ஆனால் அது பொருளற்ற விடை. அடுத்து, குறுந்தூரத்துக்கு இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் தசம இடங்களைக் குறைக்காதீர்கள். சேலம் சென்னைக்குக் கொசைன் மதிப்பு 0.99914, அதை 0.9991 என்று சுருக்கினாலே 264 கி.மீ. 270 கி.மீ. ஆகிவிடுகிறது. பெரிய சூத்திரம் என்பதால் எங்கும் துல்லியமாக இருக்கும் என்று நம்புவதே இங்கு நிகழும் தவறு.

7. உண்மையில் பறக்கும் பாதை

விமானம் பெருவட்டத்தில் ஒட்டிச் செல்வதில்லை. காற்றை எதிர்கொண்டு எழவும் இறங்கவும் வேண்டும் என்பதால், ஓடுபாதையின் திசை முதலில் குறுக்கிடுகிறது. சேலத்தின் 1,806 மீட்டர் ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடக்கிறது. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழக் கிழக்கு மேற்காக உள்ளது. அங்கே மேற்குக் காற்று வீசும் வேளையில், மேற்கிலிருந்து வரும் சேலம் விமானம் கடற்பக்கம் வரை சென்று திரும்பி மேற்கு நோக்கி இறங்க வேண்டியிருக்கும். 264 கி.மீ. பயணத்தில் இந்தச் சுற்று பெரிய பங்கு, 8,230 கி.மீ. பயணத்தில் பொருட்படுத்த வேண்டியதில்லை.

தொலைதூரத்தில் வேறு காரணம் வந்து நிற்கிறது. 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் இந்திய விமானங்கள் தெற்கே அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. பெருவட்டத் தூரம் ஒரு கி.மீ.கூட மாறவில்லை, நேரம் மாறியது. பழைய பயணத்தின் நேரத்தை நினைவிலிருந்து சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

8. விமான வகையும் பறக்கும் நேரமும்

சேலத்துக்கு வந்துபோகும் ஏடிஆர் 72 உந்துவிசிறி (டர்போபிராப்) விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 510 கி.மீ. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை ஜெட் விமானம் ஏறத்தாழ 830 கி.மீ. வேகத்தில் செல்லும். எல்லா விமானத்துக்கும் 800 என்று வைத்துக்கொள்கிறவர்கள் சேலம் சென்னைக்கு இருபது நிமிடம் என்கிறார்கள். அட்டவணையோ ஒரு மணி நேரத்தை ஒட்டிச் சொல்கிறது.

510-ஆல் வகுத்தாலும் 31 நிமிடம்தான். மீதி எங்கே போகிறது? மேலேறும்போதும் இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் செல்வதில்லை. குறுகிய பயணத்தில் அந்த இரண்டு கட்டங்களே பெரும்பகுதி. அத்துடன் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, முறைக்குக் காத்திருப்பது, இறங்கிய பின் நிற்கும் இடத்துக்கு வருவது எல்லாம் சேர்கின்றன. ஏடிஆர் என்றால் தூரத்தை 500-ஆல் வகுத்து 25 முதல் 30 நிமிடம் கூட்டுங்கள் என்றும், ஜெட் என்றால் 800-ஆல் வகுத்து 30 முதல் 40 நிமிடம் கூட்டுங்கள் என்றும் நான் சொல்லித்தருகிறேன். சிங்கப்பூருக்கு 3 மணி 39 நிமிடத்துடன் 35 நிமிடம் சேர்த்தால் 4 மணி 14 நிமிடம். அட்டவணையை ஒட்டியே வரும்.

9. காற்று

போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, ஆகவே இரண்டும் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகாது. 2,920 கி.மீ. தூரத்தை மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் கடக்க 3 மணி 31 நிமிடம் ஆகும். 80 கி.மீ. எதிர்க்காற்றில் 750 வேகம், 3 மணி 54 நிமிடம். அதே பின்காற்றில் 910 வேகம், 3 மணி 13 நிமிடம். இழந்தது 23 நிமிடம், திரும்பக் கிடைத்தது 18 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதால் இழப்பே மிஞ்சும்.

திசையையும் தரையில் வீசும் காற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஏற்காட்டு மலையில் மேற்கிலிருந்து வீசும். ஜெட் விமானங்கள் பறக்கும் உயரத்திலோ அந்த மாதங்களில் தென்னிந்தியாவின் மீது கிழக்குக் காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மீது மேற்கிலிருந்து வரும் வலுவான உயர்மட்டக் காற்றால், ஐரோப்பாவுக்குப் போவதைவிடத் திரும்பி வருவது விரைவாக முடியும்.

10. கடிகார வேறுபாடு

இப்போதுதான் கடிகாரத்துக்கு வரலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறையச் சம தூரம். இரண்டும் 2,930 கி.மீ.யை ஒட்டியவை. எடுத்துக்காட்டாக, இரண்டுக்கும் காலை 10 மணிக்கு விமானம் புறப்பட்டு 4 மணி 15 நிமிடம் பறப்பதாகக் கொள்வோம். சிங்கப்பூரில் இறங்கும்போது அங்குள்ள கடிகாரம் மாலை 4.45 காட்டும், துபாயில் பிற்பகல் 12.45 காட்டும். கழித்தல் மட்டும் செய்கிறவருக்கு ஒன்று 6 மணி 45 நிமிடம், மற்றொன்று 2 மணி 45 நிமிடம். தூரத்தை முன்பே கணக்கிட்டவர் இந்த இரண்டையும் நம்பமாட்டார். வரிசை அவரைக் காப்பாற்றிவிடும்.

எளிய வழி, இரண்டு நேரங்களையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தியது. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நான்கரை மணி நேரமும் பிந்தியது.

நள்ளிரவுக்குப் பிந்திய புறப்பாடு தனிக் கவனம் வேண்டுவது. 15-ஆம் தேதி 00.40 மணி விமானம் என்றால், 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நம் பேச்சு வழக்கில் அதை "பதினாலாம் தேதி ராத்திரி" என்போம். அச்சிட்ட சீட்டு 15 என்று சொல்லும். ஆத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம், வேறோர் அலுவலகத்தில் சீட்டு எடுத்துக் கொடுத்தவர் தேதியை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்கள் 15-ஆம் தேதி மாலை சேலத்திலிருந்து கிளம்பத் தயாராக எங்களிடம் வந்து வழி கேட்டபோது, அவர்களுடைய விமானம் போய்ப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அன்றுமுதல் நள்ளிரவுச் சீட்டு ஒவ்வொன்றின் மேலும், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய கிழமையையும் மணியையும் பேனாவால் எழுதித் தருமாறு எங்கள் அலுவலகத்தில் வைத்திருக்கிறேன்.

11. வாசல் முதல் வாசல் வரை

ஐந்து ரோட்டிலிருந்து கமலாபுரத்துக்கு 40 நிமிடம், புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகச் சேர்வது, விமானத்தில் ஒரு மணி நேரம், சென்னையில் வெளியே வர அரை மணி நேரம்: மொத்தம் 3 மணி 40 நிமிடம். சேலத்தில் நிற்கும் வந்தே பாரத் ரயில் நான்கு மணி நேரத்துக்குள் சென்னை சென்ட்ரலில் விட்டுவிடும். சென்னை நகருக்குள் போகிறவருக்கு விமானம் நேரத்தை மிச்சப்படுத்தாது என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்திலேயே அடுத்த விமானம் ஏறுகிறவருக்குத்தான் அது பயன்.

அப்படி மாறுகிறவர், இரண்டும் ஒரே சீட்டில் பதிவானவையா என்று பார்க்க வேண்டும். தனித்தனிச் சீட்டுகள் என்றால் பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்குச் சென்று, மீண்டும் பெட்டியை ஒப்படைத்து, குடியேற்றச் சோதனையும் முடிக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பில்லை. நான்கு மணி நேர இடைவெளிக்குக் குறைவாக நான் பதிவு செய்வதில்லை.

கோவை, திருச்சி, பெங்களூரு ஆகிய மூன்றையும் சாலை நேரத்துடன் சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள். கோவை விமான நிலையம் அவிநாசிச் சாலையில், சேலத்திலிருந்து போகும்போது நகருக்குள் நுழையுமுன்பே வந்துவிடுகிறது. பெங்களூரு நிலையமோ நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், ஓசூர் வழியாகச் செல்கிற நாம் நகரத்தையே கடந்தாக வேண்டும். வரைபடத்தில் 162 கி.மீ. என்று பார்த்துவிட்டு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள்.

12. சரிபார்த்தல்

கணக்கு முடிந்ததும் இணையத்தில் விமானங்களின் நகர்வைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 போன்ற பக்கத்தில், அதே எண்ணுள்ள விமானம் கடந்த சில நாட்களில் எழுந்த நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் பாருங்கள். உங்கள் விடை அதிலிருந்து பத்து நிமிடம் விலகினால் காற்றோ காத்திருப்போ காரணமாக இருக்கலாம். அரை மணி நேரம் விலகினால் விமான வகையைத் தவறாக எடுத்திருப்பீர்கள், அல்லது பாதை சுற்றியிருக்கும். அதற்கும் மேலாக, ஒரு மணி, ஒன்றரை மணி, இரண்டரை மணி என்று சரியாக விலகினால் பத்தாம் படிக்குத் திரும்புங்கள். தூரமே பொருந்தவில்லை என்றால் நான்காம் படியில் 60-ஆல் வகுத்தீர்களா என்று பாருங்கள்.